டக்ளஸின் சம்மதம்

"சுதாகரன் பந்தைப் பாக்கவே மாட்டான். ஆளோட இடுப்பத்தான் பாப்பான்," என்றார் செல்லசாமி. "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தும். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கந்தான் ஆளு போகணும். இவன் அங்க முன்னாடியே போயி நிப்பான். தாண்டிப் போக முடியாது."

"உன் ஆட்டோ பிரேக்க விட நல்லா நிறுத்துவானா?" என்றாள் மீனம்மா.

யாரும் சிரிக்கவில்லை. கேட்ட மீனம்மாவும் சிரிக்கவில்லை.

மாதா கோயில் கூடைப்பந்துத் திடலின் படிக்கட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகலை கடைவீதியில் ஆட்டோ ஓட்டும் செல்லசாமி, ஓர் ஆட்டத்தையும் தவறவிடாத கடலைக்காரி மீனம்மா, அணியின் செயலாளர் ஜூட்சன். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எதிரணியின் உயரமான ஆட்டக்காரன் ஒருவன் ஆட்டத்துக்கு முப்பது புள்ளி போடுகிறவன். அவனை அடக்கத்தான் நோட்டன் பிரிட்ஜிலிருந்து சுதாகரனைப் பேசி எடுத்திருந்தார் ஜூட்சன். நாலு மணி பஸ்ஸில் வருகிறான்.

சந்தோஷமாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் மூவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். திடலின் மறுகோடியில் டக்ளஸ் கூடைக் கம்பத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வருடமாகத் திடலைப் பராமரிக்கிறவர் டக்ளஸ். அவருடைய ஒரே மகன் ரொஷான் இந்த அணியில்தான் ஆடினான். இரண்டு வருடத்துக்கு முன், இதே திடலில், நோட்டன் பிரிட்ஜ் அணியோடு ஆட்டம். ரொஷான் கூடையை நோக்கி ஓடினான். சுதாகரன் குறுக்கே வந்தான். அடுத்த நொடி ரொஷானின் பின்மண்டை சிமெந்துத் தரையில் மோதியது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

சுதாகரன்தான் தள்ளினான் என்றது ஊர். ரெஃப்ரி சரியாகப் பார்க்கவில்லை என்றார். சுதாகரன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதுவே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

ரொஷானின் அம்மா பெற்றீசியா அதற்குப் பிறகு திடல் பக்கம் வரவே இல்லை. பூசைக்குக்கூடப் பின் வழியாகத்தான் வருவாள். தன் பிள்ளையைத் தரையில் சாய்த்தவன் மூஞ்சியைச் சாகும்வரை பார்க்க மாட்டேன் என்று கல்லறையில் வைத்தே சொல்லியிருந்தாள்.

அதனால்தான் பாதர் ஒரு நிபந்தனை வைத்தார். டக்ளஸ் சம்மதித்தால் சுதாகரன் ஆடலாம். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த பஸ்ஸிலேயே பையனைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

"நேத்துச் சொன்னப்ப என்னதான் சொன்னாரு?" என்று கேட்டார் செல்லசாமி.

ஜூட்சன் தயங்கினார். டக்ளஸ் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். முகம் வெளிறிப்போய், பக்கத்தில் இருந்த வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாராம்.

"காலையில பாத்தேன், கை நடுங்குது," என்றார் செல்லசாமி. "அது ரெண்டு வருஷக் கோவம். இன்னைக்கு எதாச்சும் ஆயிரப்போகுது பாருங்க."

"எனக்கு அது கோவமாத் தெரியல," என்றாள் மீனம்மா.

ஜூட்சன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். காலையிலேயே தானே சாமான் அறைக்குப் போய், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் கடப்பாரை போன்ற அலவாங்கையும் எடுத்து பாதர் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

மீனம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்.

கீழே ரோட்டில் பஸ் நின்ற சத்தம் கேட்டது. மூவரும் பேச்சை நிறுத்தினார்கள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து தோளில் பையோடு ஒருவன் ஏறி வந்தான். செல்லசாமி எதிர்பார்த்த அளவுக்கு அவன் பெரிய ஆளாக இல்லை. படிக்கட்டைப் பார்த்துத் தலையசைத்தான். ஜூட்சன் எழுந்து கையை நீட்டினார். அவனோ அவரைக் கடந்து, திடலின் நடுவே டக்ளஸை நோக்கி நேராக நடந்தான்.

"போகாத தம்பி," என்றார் ஜூட்சன்.

டக்ளஸ் திரும்பினார். வருகிறவனைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். இன்னும் ஓரடி. முதுகு ஈரப் பெயின்டில் போய் ஒட்டியது. அது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. கையிலிருந்த தூரிகையிலிருந்து பெயின்ட் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. செல்லசாமி இரண்டு படி இறங்கி அப்படியே நின்றுவிட்டார்.

சுதாகரன் டக்ளஸுக்கு மிக அருகில் போய் நின்றான். படிக்கட்டில் இருந்தவர்களுக்கு அவன் முதுகு மட்டுமே தெரிந்தது. அவன் பேசியது டக்ளஸுக்கு மட்டும் கேட்டது.

"அன்னைக்கு நீங்க பாசியத் தேய்க்காம, அதுக்கு மேலயே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தீங்க அங்கிள். ரொஷான் அதுலதான் வழுக்கினான். நான் புடிக்கத்தான் கைய நீட்டினேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. ஆன்ட்டிகிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

ஜூட்சன் மூச்சிரைக்க ஓடி வந்து இருவருக்கும் நடுவே நின்றார். "என்னண்ணே, என்ன சொல்றான்?"

டக்ளஸ் தரையில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.

"மன்னிப்புக் கேட்டான்," என்றார். "ஆடட்டும்."