பச்சை அட்டை எலிகள்

"பச்சை அட்டை எலிக்கு எதுக்கும்மா உடம்பு உதறுது? எனக்கு உதறலாம், உனக்கு உதறலாம். அதுக்கு ஏன்?"

டைரக்டர் போட்ட சத்தத்தில் கூண்டுக்குள் இருந்தவைகூட மூலையில் ஒண்டிக்கொண்டன.

ஆய்வை நடத்தும் மேடம் கூண்டுகளின் அட்டைகளை மறுபடி சரிபார்த்தாள். சிவப்பு அட்டை மாட்டிய கூண்டுகளுக்குப் பூச்சிமருந்து கலந்த தீனி. பச்சைக்கு வெறும் தீனி. இரண்டையும் ஒப்பிட்டுத்தான், அந்த மருந்து நாள்பட நாள்பட உடம்பை என்ன செய்யும் என்று சொல்ல முடியும். இருபத்திரண்டு மாத உழைப்பு. இப்போது இரண்டுமே நடுங்குகின்றன.

தீனி வைப்பவள் ஒருத்திதான். எலியக்கா. டைரக்டர் குரலிலேயே எலிகளை அதட்டுவாள். "என்னப்பா, ரிப்போர்ட் ரெடியா? வாலை ஆட்டினா போதுமா?" ஆய்வகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

இன்று யாரும் சிரிக்கவில்லை.

"தீனியை மாத்திப் போட்டீங்களாக்கா?"

"ஐயோ, இல்ல மேடம்! சிவப்புக்குச் சிவப்பு வாளி, பச்சைக்குப் பச்சை வாளி. கண்ணைக் கட்டிவிட்டாக்கூட மாறாது."

"அப்ப இது என்ன?"

மேடம் கேமராப் பதிவை ஓடவிட்டாள். திரையில் எலியக்கா பச்சைக் கூண்டுகளுக்குள் எதையோ ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டிருந்தாள்.

எலியக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"வெள்ளரிக்காய் மேடம்... ஒரு வருஷமா குடுக்கறேன். தினமும் அந்த வறட்டு உருண்டையையே கொறிக்குதுங்க, பாவமா இருந்துச்சு. சிவப்புக்குக் குடுத்தா உங்க பரிசோதனை கெட்டுடும்னு தெரியும். பச்சை சும்மாதானே இருக்குதுங்க, அதுங்களுக்காவதுன்னு..."

"சும்மாதானே இருக்குதுங்க!" டைரக்டர் அவளைப் போலவே இழுத்துச் சொன்னார். "நாளையிலேர்ந்து நீயும் சும்மா இரு. வீட்டுல."

"சார், காலைப் பிடிச்சுக் கேக்கறேன். பொண்ணு வைத்தியம் இந்த வேலையை நம்பித்தான் ஓடுது."

அந்தப் பெண்ணின் கதை எல்லோருக்கும் தெரியும். நாலாவது படிக்கிறாள். முத்து முத்தாக எழுதியவள், இப்போது கோழி கிளறியது மாதிரி எழுதுகிறாள். மூன்று ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. "எழுதச் சோம்பேறித்தனம், வேற என்ன?" என்று டைரக்டர்தான் இலவசமாக வைத்தியம் சொல்லியிருந்தார்.

"வெள்ளரிக்காய்ல என்ன சார் இருக்கு? என் வீட்டுக்காரர் மருந்தடிக்கிற தோட்டத்துக் காய்தான். வளைஞ்சு போனதைச் சந்தையில வாங்க மாட்டாங்க. முதலாளியே கூடையோட குடுத்துடுவார். இன்னைக்கும் இருக்கு, பாருங்க."

டப்பாவை நீட்டினாள். மேடம் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தன்மேல் பழி வராமல் இருக்க ஒரு சாட்சி கிடைத்ததே என்றுதான் போனாள்.

மாலையில் வெள்ளரிக்காயின் பரிசோதனை முடிவு வந்தது. மூன்று தடவை படித்தாள். சிவப்பு வாளியில் இருக்கும் அதே மருந்து. கிட்டத்தட்ட அதே அளவு.

வெளியே எலியக்கா கடைசித் தடவையாக வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா..." மேடம் அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். "தினம் எவ்ளோ குடுத்தீங்க?"

எலியக்கா பதறிப்போய் ஈரக் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"சத்தியமா கொஞ்சம்தான் மேடம்! எலிக்கு ஆளுக்கொரு சின்னத் துண்டு. மிச்சம் அத்தனையும் என் பொண்ணுக்குத்தான் குடுத்தேன்."