கூட்டுக்குள் ஓர் ஆவாரம்பூ இதழ்

மழைக்கு முன்னால் ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மற்ற ஆண்குருவிகள் எல்லாம் கூட்டுக்குள் ஈரமண்ணை அப்பி, அதில் பூவிதழ் ஒட்டின. மருதன் மட்டும் வெறும் புல்லால் பின்னிவிட்டு, துணை தேடிக் கூவினான்.

செம்பா வந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தாள். பிடித்திருந்தால் அங்கேயே முட்டையிடுவாள். பிடிக்காவிட்டால் அவன் கூட்டைப் பிரித்துப்போட வேண்டியதுதான்.

"ஒரு முடிச்சாவது தளர்வா இருக்கா, சொல்லு" என்றான் மருதன்.

"இல்லீங்க, ரொம்ப நல்லா இருக்கு. பூ ஒண்ணும் வைக்கலையா?"

"பூ எதுக்கு? காத்தைத் தாங்குமா, மழையைத் தடுக்குமா? தேவையில்லாதது என் கூட்டுல ஒரு இணுக்குகூடக் கிடையாது."

செம்பாவுக்குத் தான் பிறந்த கூடு நினைவுக்கு வந்தது. அப்பா அதில் ஓர் ஆவாரம்பூ இதழை ஒட்டியிருந்தார். அம்மா இரை தேடப் போன நேரமெல்லாம் இவள் அழாமல் அதையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அது வாடிச் சுருங்கிய பிறகும் அவளுக்குத் துணையாக இருந்தது. தன் பிள்ளைகள் எதைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"சாமி உங்க தலையில அவ்வளவு மஞ்சளைப் பூசியிருக்காரே, அது எந்த மழையைத் தடுக்குதுங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "தூரத்துல அதைப் பார்த்துத்தானே நான் இந்தக் கிளைக்கே வந்தேன்."

பக்கத்துக் கூட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருதன் ஓலையில் அலகைத் தேய்த்தான்.

"எந்தப் பக்கம் ஒட்டணும்?" என்றான்.

"குஞ்சு தலை வைக்கிற பக்கம்."