இரண்டு கையிலும் பூஜ்யம்

"தோலுக்கடியில அமிலத்தை ஏத்துறோம். ஒருத்தருக்குக்கூட வலிக்கலையா? யார் காதுல பூ சுத்தறே?"

ஆய்வகத் தலைவி பொரிந்து தள்ளினார்.

"பாட்டிலைத் திரும்பத் திரும்பச் சோதிச்சுட்டேன் மேடம். அமிலம் சரியாத்தான் இருக்கு. எனக்கே மண்டை காயுது" என்றாள் அந்த இளம் ஆராய்ச்சியாளர்.

நம் செல்களின் மேல் அமிலத்தை மோப்பம் பிடிக்கும் ஏற்பிகள் உண்டு. மூட்டு வீங்கி அங்கே அமிலம் கூடினால், 'வலி வலி' என்று மூளைக்குச் சேதி அனுப்புவது அவைதான். அவற்றின் வாயைக் கொஞ்ச நேரம் அடைக்க அவள் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள்.

சோதனைக்கு வந்தவர்களின் வலது கையில் அந்த மருந்து. இடது கையில் வெறும் உப்புத் தண்ணீர். எதில் எது என்று அவர்களுக்குத் தெரியாது. பிறகு இரண்டிலும் ஒரு துளி அமிலம். வலது கை சும்மா இருக்க வேண்டும், இடது கை எரிய வேண்டும்.

வந்தவர்களோ, "ரெண்டுலயும் வலியே இல்லீங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"உப்புத் தண்ணியும் உன் மருந்தும் ஒண்ணுன்னா, மருந்து எதுக்கு? நெஞ்சுக்கு ரத்தம் குறைஞ்சா 'ஆபத்து'ன்னு கத்துறதும் இதே ஏற்பிதாம்மா. வேலை செய்யுதான்னே தெரியாத மருந்தை வச்சு அதோட வாயை மூட நான் சம்மதிக்க மாட்டேன். இன்னியோட மூட்டை கட்டு."

குழம்பிப்போய் வெளியே வந்தாள். காத்திருக்கும் அறையில் சாப்பாட்டுப் பையோடு மாமனார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தினமும் சாப்பாடு கொண்டுவருவார், அங்கே இருப்பவர்களோடு ஊர்க்கதை பேசுவார்.

"என்னம்மா, முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

"என் மருந்து தோத்துப்போச்சு மாமா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அதெப்படித் தோக்கும்? ஒருத்தரும் வலிக்குதுன்னு சொல்லியிருக்க மாட்டாங்களே!"

அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே சொல்லி அனுப்பினேன்!" மாமனார் முகத்தில் பெருமை தாங்கவில்லை. "'எங்க வீட்டுப் பொண்ணு ராப்பகலா பாடுபட்ட மருந்துங்க. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு, வலிக்கலன்னு சொல்லிடுங்க'ன்னு கேட்டுக்கிட்டேன். எல்லாரும் தங்கமானவங்கம்மா."

"ஐயோ மாமா! குடியைக் கெடுத்தீங்களே! ஒரு கையில வலிக்கணும் மாமா!"

அவர் திருதிருவென்று விழித்தார். "வலியைப் போக்குற மருந்துன்னுதானே சொன்னே? வலிச்சா அது எப்படிம்மா நல்ல மருந்து?"

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதேம்மா. பாவம், எனக்காகத்தான் அவங்க அவ்வளவு பொறுத்துக்கிட்டாங்க. வெளியே வந்து இடது கையை ஊது ஊதுன்னு ஊதினதைப் பார்த்து எனக்கே மனசு கேக்கல."

அவள் அழுகை சட்டென்று நின்றது.

"எந்தக் கையை?"

"இடது கையைத்தான். எல்லாருமே."

"வலது கையை?"

"அதுக்கென்ன? அந்தக் கையாலதானே எனக்கு டாட்டா காட்டிட்டுப் போனாங்க!"