ஆண்ட்வெர்ப்பில் இரண்டு நாள்

ஸ்ரீகுமார் தன் அப்பாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மீனம்பாக்கம் விமான நிலையத்தில், அறுபத்தெட்டில்.

அப்பா முப்பது வருஷம் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. சரக்குச் சீட்டுகளில் 'ஆண்ட்வெர்ப், பெல்ஜியம்' என்று எழுதி எழுதியே ஓய்ந்தவர்.

"என்னிக்காவது அந்த ஊரைப் பார்த்தா எனக்குப் படம் எடுத்துட்டு வாடா" என்றார்.

நான்கு வருஷம் கழித்து, கனடாவில் அவன் வேலை பார்த்த மொன்றியலுக்குத் தந்தி வந்தது. 'அப்பா சீரியஸ். உடனே புறப்படு.'

புறப்பட்டவன் வழியில் ஆண்ட்வெர்ப்பில் இறங்கி, இரண்டு நாள் தேவாலயம், ஓவியக்கூடம், துறைமுகம் என்று சுற்றினான். அவன் வீடு போய்ச் சேர்ந்தபோது, அப்பாவின் உயிர் பிரிந்து ஒரு பகல் ஆகியிருந்தது.

மொன்றியலுக்குத் திரும்பி வந்த மாதம், நண்பர் ரவிசங்கர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

"ஒரு சுருள் முழுக்க எடுத்தாராமே!" ரவிசங்கரின் மனைவி ரமா, ஸ்ரீகுமார் காதில் விழட்டும் என்றே சொன்னாள். "அங்கே பெத்தவருக்கு உசிரு இழுத்துக்கிட்டு கிடக்கு. இங்கே பிள்ளை கோபுரத்தைப் போட்டோ புடிக்குது."

"கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாராம். இவனோட அண்ணன் எனக்கு எழுதியிருக்கார்" என்றார் ரவிசங்கர்.

ஸ்ரீகுமார் குனிந்து சாதம் பரிமாறிக்கொண்டிருந்தான்.

"நாகசுப்பிரமணியன் சார், நீங்க பெரியவங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள் ரமா.

நாகசுப்பிரமணியன் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"ஊர் சுத்தறதுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?" என்றார்.

ஸ்ரீகுமார் ஒரே ஒரு முறை அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"தப்புதான் சார்" என்றான். பிறகு, "மோர் ஊத்தட்டுமா சார்?"

கிளம்பும்போது வாசலில், இரவல் வாங்கியிருந்த கேமராவை நாகசுப்பிரமணியனிடம் திருப்பிக் கொடுத்தான். சுருள் உள்ளேயே இருந்தது.

தந்தி வந்த அன்று அவன் முதலில் ஓடியது அவர் வீட்டுக்குத்தான்.

"நம்ம ஊர்ல யாரு 'செத்துட்டார்'னு தந்தி அடிப்பாங்க? 'சீரியஸ்'னா எல்லாம் முடிஞ்சாச்சுன்னு அர்த்தம்ப்பா. அண்ணன் கொள்ளி போட்டிருப்பான். நீ பத்தாம் நாளுக்குப் போய்ச் சேர்ந்தாப் போதும். போற வழியில அவர் ஆசைப்பட்ட ஊரைப் படம் எடுத்துட்டுப் போ" என்று சொல்லி, தன் கேமராவையும் அவன் கழுத்தில் மாட்டி அனுப்பியவர் நாகசுப்பிரமணியன்.

அந்தச் சுருள் இன்னும் கழுவப்படாமல் அவர் அலமாரியில் இருக்கிறது.