ஐம்பதில் ஓடும் மூச்சு

அவள் செல்போனை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்து வீடியோவை ஓடவிட்டாள்.

வீடியோவில் இருந்ததும் இதே இயந்திரம்தான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய்வழி தருவது. அமெரிக்காவிலிருந்து அனுப்புவதற்கு முன் அண்ணன் தன் வீட்டில் ஓட்டிக் காட்டியிருந்தான்.

இரண்டும் சேர்ந்து மூச்சுவிட்டன. புஸ்.

அடுத்த புஸ் செல்போனில் முந்தியது.

அதற்கடுத்தது இன்னும் முந்தியது.

கட்டிலில் அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். மூக்கில் குழாய். நெஞ்சு ஏறுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டது.

இயந்திரத்துக்கு அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தன. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒரு பொட்டு.

டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி வந்தவள் அவள். வீட்டு மின்சாரத்தை நூற்றுப் பதினைந்து வோல்ட்டாக இறக்கித் தரும். இயந்திரத்தைச் சொருகும் முன் மீட்டர் வைத்து அளந்தாள். நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தாள். எலக்ட்ரீசியன் படிப்புக்குப் போகும் மாலை வகுப்பில் ஆசிரியரின் மீட்டரை இரவல் வாங்கி வந்து அதிலும் அளந்தாள்.

எல்லாம் சரியாக இருந்தது.

"இன்னும் பரீட்சையே எழுதல. அதுக்குள்ள வீட்டுல கரண்டு ஆபீசு வச்சுட்டா" என்று அம்மா அன்று சிரித்தாள்.

அதுவரை அப்பாவுக்கு வைத்திருந்த வாடகை ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொன்னவளும் அவள்தான்.

இயந்திரத்தின் முதுகில், வோல்ட்டுக்குப் பக்கத்தில், அறுபது என்று இன்னொரு எண் இருந்தது. அதிர்வெண். நம் ஊரில் ஐம்பது. அதை அன்றே பார்த்தாள். வகுப்பில் கேட்க எழுந்தாள். மில் வேலை முடித்து வந்திருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜன்னலைத் திறந்துவிடலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் அப்பாவின் விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு காட்டும் எண் இறங்க ஆரம்பித்தது. பேட்டரி மாற்றினாள். விரல் சில்லிட்டிருக்கும் என்று தேய்த்துச் சூடாக்கினாள். வேறு விரலில் மாட்டினாள். தான் பார்ப்பதுதான் தப்போ என்று அம்மாவைப் பார்க்கச் சொன்னாள்.

இன்று யாரும் கேட்காமலே ஆசிரியர் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. அறுபதுக்குச் செய்த மோட்டார் ஐம்பதில் மெதுவாகச் சுற்றும். சூடேறும்.

பையை எடுத்துக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

வீடியோவின் கடைசியில் அண்ணனின் குரல் வந்தது.

"இங்க நல்லா ஓடுதுப்பா."

"ஆமா. அங்க நல்லாத்தான் ஓடுது" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

சிலிண்டர் கடைக்குப் போன் செய்தாள். அவர்கள் திருப்பி அனுப்பியது வேறு வீட்டுக்குப் போய்விட்டது. காலையில் லோடு வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் என்றார் கடைக்காரர். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

சிலிண்டர் நின்ற இடத்தில், சிமெண்டுத் தரையில், துரு வட்டமாகப் பதிந்திருந்தது.

இயந்திரத்தின் மேல் கை வைத்தாள். வைத்திருக்க முடியவில்லை. இன்னும் சூடேறினால் அது தானாகவே நின்றுவிடும்.

அறையில் ஓடியது ஒரே ஒரு டேபிள் ஃபேன். மேலே இருந்த ஃபேனை, அதன் மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச்சுருள் கட்டுவதற்கென்று அவள்தான் கழற்றினாள். கட்டியும் முடித்துவிட்டாள். சரியாகக் கட்டியிருக்கிறோமா என்ற சந்தேகத்தில் இன்னும் மாட்டவில்லை.

டேபிள் ஃபேன் அப்பாவைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதைத் தூக்கி, இயந்திரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

அப்பாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றாள்.

"என்னடி பண்ற? மனுசனுக்கு வேர்த்து ஊத்துது. இரும்புக்குக் காத்து வாங்கிக் குடுக்குற?"

அம்மா ஃபேனைப் பிடித்துத் திருப்பப் போனாள்.

அவள் வாயைத் திறந்தாள். அறுபது என்பதிலிருந்து தொடங்குவதா, ஜன்னலிலிருந்து தொடங்குவதா என்று தெரியவில்லை.

அப்பா கையைத் தூக்கினார். விரலில் கருவியின் சிவப்பு எண் மினுங்கியது.

"விடு. அதுக்கும் மூச்சு வாங்குதுல்ல."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த புஸ்ஸுக்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள்.