சார்ஜருக்குக் காட்டும் முகம்

ஆட்டோவின் பேட்டரி நாலு சதவீதத்துக்கு வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். பின்சீட்டில் ஏழு வயது மகள் ரெனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வேறு வழியில்லாமல் சகாயராஜ் சார்ஜிங் ஸ்டேஷனுக்குள் திருப்பினான்.

அங்கே கரண்ட்டுக்கு ஒரே விலை கிடையாது. சார்ஜர் கம்பத்துக் கேமரா முகத்தைப் பார்க்கும். அவசரம் தெரிந்தால் ஐந்து மடங்கு கேட்கும். வீட்டில் இழவு விழுந்தாலும் ஆட்டோக்காரர்கள் அதன் முன்னால் கடலை கொறித்தபடிதான் நிற்பார்கள்.

"ரெனி, எந்திச்சு உக்காரும்மா. கேமரா பாக்குது, சிரி."

சிரித்தாள். ஆட்டோவிலேயே வளர்ந்த பிள்ளை. விலை ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றை அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

ரெனிஷா நிமிர்ந்தாள். சுவர் மூலையில் ஒரு கேமரா இருந்தது. அதைப் பார்த்து அழகாகச் சிரித்தாள்.

"இல்லயே டாக்டர்."

"வெறும் வாய்வுதான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஐயோ, காலையிலேர்ந்து துடிக்கா டாக்டர்!" சகாயராஜ் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினான். "சொல்லு பிள்ள! அழு!"

அவள் அவன் காதருகே எம்பினாள். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"பதறாதீங்கப்பா. வெல ஏறிரும்."