இடைவேளைக்கு முந்தைய காட்சி

"நேத்தோட அந்தப் படத்தப் பத்தொம்போது தடவ பாத்துட்டேன் தாயி" என்று மொக்கைச்சாமி சொன்னதும் பேட்டரி வண்டியே அவர் பக்கம் திரும்பியது. சென்னையிலிருந்து வந்திருந்த ஐ.டி. இளைஞர்கள் இருவர் எழுந்து வந்து கைகுலுக்கினார்கள்.

வழிகாட்டி முத்துச்செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த ஐந்து மாதத்தில் இப்படியொரு ரசிகரை அவள் பார்த்ததில்லை. அறுபதை நெருங்கும் வயது, வெற்றிலை கிள்ளிக் கிள்ளிக் கறுத்த நகம். சோழவந்தானில் கொடிக்கால் வேலையாம்.

மேலூரைத் தாண்டி, கைவிட்ட கல்குவாரிப் பள்ளம் ஒன்றில் மழைநீர் பச்சைப்பசேலென்று தேங்கிக் கிடந்தது. அங்கே ஒரு நாகலோகக் கதையைப் படமாக்கினார்கள். படம் ஓடிய ஓட்டத்தில் பள்ளம் 'மரகத ஏரி' ஆகிவிட்டது. இப்போது ஒரு நிறுவனம் சுற்றிலும் வேலி போட்டு, புகையில்லாத வண்டியில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறது. பிளாஸ்டிக் கூடாது, சோப்பு கூடாது. சாப்பாடு பாக்குமட்டைத் தட்டில்.

"தனியா ரெண்டு மட்டம் வந்தேன். வாட்ச்மேன் உள்ள விடல. அதான் டிக்கெட் எடுத்துட்டேன்" என்றார் மொக்கைச்சாமி.

"அம்புட்டுப் பிடிக்குமாய்யா? எந்த சீனுக்காக இத்தன தடவ?"

"இளவரசி தண்ணிக்குள்ள முங்குமே, அந்த சீனு. இடைவேளைக்கு முந்தி வரும். அதப் பாத்துட்டு எந்திரிச்சு வந்துருவேன்."

"அப்ப க்ளைமாக்ஸ்?"

"பாத்ததில்ல. அந்தப் பாம்புக்கு எத்தன தலைன்னுகூட எனக்குத் தெரியாது."

வண்டி முழுக்கச் சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்து வைத்தார்.

ஏரிக்கரையில் எல்லோரையும் மூங்கில் தடுப்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டு முத்துச்செல்வி ஆரம்பித்தாள். மனப்பாடம்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளுக்கே சிலிர்க்கும் இடம் இது.

"இந்த இடத்துல தண்ணி அறுபது அடி ஆழம். இளவரசி உள்ள போவாங்க. ஒரு கை மட்டும் மூணு தடவ மேல வரும். மூணாவது தடவ வெரல் மெதுவா மடங்கும், பாத்திருப்பீங்க. மொத்தப் படத்துலயும் கிராபிக்ஸே இல்லாம எடுத்த சீன் அது ஒண்ணுதான்!"

ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தாள். "இன்னொரு பெருமையும் இருக்கு. இந்த ஷூட்டிங்ல ஒரு செடி கருகல. ஒரு தவளகூடச் சாகல. இயற்கைய மதிச்சு எடுத்ததுக்காகவே படத்துக்குத் தனியா விருது குடுத்தாங்க."

"அதத் திரும்ப ஒருக்கா சொல்லு தாயி" என்றார் மொக்கைச்சாமி.

அவள் பெருமையோடு, இன்னும் சத்தமாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"இப்ப எல்லாரும் அந்த சீனுக்காக ஒரு கைதட்டு! பாறையும் நம்மகூடச் சேந்து தட்டும், கேளுங்க."

தட்டினார்கள். குவாரிச் சுவர்கள் நாலு பக்கமும் அதை வாங்கித் திருப்பித் தந்தன. தட்டி முடித்த பிறகும் அந்தச் சத்தம் சுற்றிக்கொண்டே இருந்தது. மொக்கைச்சாமி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னய்யா, பத்தொம்போது தடவ பாத்த நீங்களே தட்டலன்னா எப்படி?"

"நான் அன்னைக்கே தட்டிட்டேன்."

"என்னைக்கு?"

"படம் பிடிச்ச அன்னைக்கு. இந்தா, இந்தப் பாறையிலதான் நின்னேன். கையில துண்டோட. மேல வந்ததும் எம் மகளுக்குத் தல தொவட்டணும்ல."

முத்துச்செல்விக்குப் புரியவில்லை. "உங்க மகளா?"

"தங்கப்பொண்ணு. எங்க ஊருக் கெணத்துல அவளாட்டம் நீஞ்ச ஆள் கிடையாது. அந்த நடிகைக்குத் தண்ணின்னா பயமாம். அதனால இவளுக்கு இளவரசியோட பட்டுச்சேலையையும் நகையையும் மாட்டி இறக்குனாங்க."

"அப்ப அந்தக் கை..." என்று ஐ.டி. இளைஞர்களில் ஒருவன் துள்ளினான். "ஐயா, செம்ம! அது உங்க பொண்ணு கையா?" அவசரமாகச் செல்போனை எடுத்து அவரைப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

மற்றவர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முத்துச்செல்விக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இது அலுவலகத்துக்குத் தெரிந்தால் அவளுடைய வேலையே நிரந்தரமாகிவிடும்.

"ஐயா, இத ஏன் முதல்லயே சொல்லல? நான் எம்புட்டுப் பேர்கிட்ட அந்தக் கையப் பத்திப் பேசியிருக்கேன் தெரியுமா! என்ன நடிப்பு! அவங்கள ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்கய்யா. எல்லாருக்கும் முன்னால பேச வைக்கலாம்."

மொக்கைச்சாமி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை மூணு தடவ வந்துச்சு. வெரல் மடங்குச்சு. 'கட்'டுன்னு சொன்னாங்க. அம்புட்டுப் பேரும் தட்டுனாங்க. எம் மக இம்புட்டு நல்லா நடிக்கிறாளேன்னு துண்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நானும் தட்டுனேன்."

இளைஞன் செல்போனை மெல்லக் கீழே இறக்கினான்.

"அவ நடிக்கல தாயி."